கல்வெட்டுப் பாடுபவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல் அன்று, தாள். ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து மதிய போசனத்துக்கு இலை போடும் முன்னர், விறாந்தையிலோ முற்றத்துப் பந்தலிலோ இராகத்தோடு வாசிக்கப்பட்டு, வந்தவர்களின் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்படும் சிறு நூலையே இங்கு கல்வெட்டு என்கிறோம். நினைவு மலர் என்ற பெயரும் உண்டு. தமிழ் படிப்பித்த காலத்திலிருந்து இன்றுவரை வலிகாமத்தின் பல ஊர்களுக்கு இவற்றை எழுதிக் கொடுத்து வருகிறேன். என்னுடன் பேசுபவர்கள் இறப்புத் துடக்குள்ள வீட்டிலிருந்து பேசுபவர்கள், நித்திரை இல்லாதவர்கள். ஆகையால் கேட்டதையே திரும்பவும் கேட்பார்கள். நானும் சொன்னதையே திரும்பவும் சொல்வேன். அப்படிச் சொன்னவற்றுள் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்வெட்டு எழுத என்னென்ன விபரங்கள் தரவேண்டும்?

பெரும்பாலானோர் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை வெட்டிக் கொண்டு வருவார்கள். இப்போது அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும் என்று அது சொல்லும். அது எனக்கு வேண்டும்தான். ஆனால் அதில் இல்லாதது இன்னும் கூடுதலாக வேண்டும். எத்தனை மணிக்கு உயிர் பிரிந்தது? கிணற்றடியில் அவர் நட்ட மரம் எது? எந்தச் சொல்லைச் சொல்லி ஏசுவார்? யாரோடு இருபது வருடம் கதையாமல் இருந்தார், பிறகு ஏன் கதைத்தார்? இவற்றைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் சமாதான நீதவானாக இருந்ததை எழுதினால் போதாதா என்பார்கள். அது ஒரு வரியில் முடிந்துவிடும். மிச்சம் முப்பது பாட்டுக்கு நான் என்ன செய்வது?

திதி வெண்பா கட்டாயமா? இக்காலத்துக்குத் தேதி போதாதா?

தேதியையும் போடுகிறேன். ஆனால் திவசம் தேதியில் வருவதில்லை, திதியில் வருகிறது. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற நான்கையும் நாலடிக்குள் அடக்கி, வீட்டிலுள்ள எவரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியதாகக் கட்டித் தருவதே அந்த வெண்பாவின் வேலை. கல்வெட்டில் மற்ற எல்லாப் பாட்டும் அழுவதற்கு. இது ஒன்றே பயன்படுத்துவதற்கு. மாதிரிக்கு, எவரையும் குறியாத ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன்:

ஆண்டு விகாரியில் ஆவணித் திங்களில்
பூண்ட வளர்பிறையில் பூந்தசமி – ஈண்டெம்மை
விட்டகன்ற எந்தை விரிசடையோன் தாள்மலரைத்
தொட்டடைந்த தூய திதி.

இதில் வேலை செய்யும் சொற்கள் விகாரி, ஆவணி, வளர்பிறை, தசமி என்னும் நான்கே. 'பூண்ட' என்பது எதுகைக்காக வந்தது. 'பூ' மோனைக்காக வந்தது. இப்படி ஒன்றிரண்டு சும்மா நிற்கும் சொற்கள் இல்லாத திதி வெண்பாவை நான் கண்டது குறைவு. என்னுடையவற்றில் காணவே இல்லை. இன்னொரு குறையும் உண்டு. ஆண்டுப் பெயர்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. விகாரி 1959இலும் வந்தது, 2019இலும் வந்தது. ஆகவே வெண்பாவின் அடியில் ஆங்கிலத் தேதியையும் போடாவிட்டால், பேரனின் பேரன் கையில் அது கிடைக்கும்போது கணக்கு அறுபது வருடம் தவறிப்போகும்.

நேரத்தை நான் வற்புறுத்திக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒரு திதி சரியாக ஒரு நாள் நிற்பதில்லை. 19 மணித்தியாலத்தில் முடிவதும் உண்டு, 26 மணித்தியாலம் வரை நீளுவதும் உண்டு. காலையில் நவமி, மாலையில் தசமி. ரொறொன்ரோவில் இறந்தவருக்கு அங்குள்ள நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் மாரியில் பத்தரை மணித்தியாலமும் கூட்டி, அதன் பின்னரே இங்குள்ள பஞ்சாங்கத்தைப் பார்க்கிறேன். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்ற வழக்கை மட்டும் அந்தந்த வீட்டுக் குருக்களிடம் விட்டுவிடுவேன். இரண்டும் ஒத்துவராத நாளில் நான் தலையிட்டு ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும் என்பது இலக்கணம். ஒருவருடைய இறப்பைப் பதியும் பாட்டை அளக்கும் கோலில் 'பிறப்பு' என்றொரு சொல் இருப்பதை, பல ஆண்டுகள் வகுப்பில் படிப்பித்தும் நான் கவனித்ததில்லை. முதல் திதி வெண்பாவைக் கட்டிய இரவில்தான் அது கண்ணில் பட்டது. அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இறந்தவர். நாள் சரியாக நினைவில்லை. என்ன செய்யலாம்?

இதைக் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கி வந்ததால், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் குடாநாட்டின் கிழக்கிலுள்ள தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கதிரையில் வைத்தும் சைக்கிளில் ஏற்றியும் கொண்டு போன முதியவர்கள் பலர் அடுத்தடுத்த வாரங்களில் பள்ளிக்கூட மண்டபங்களிலும் தெரியாதவர் வளவுகளிலும் கண்ணை மூடினார்கள். கல்வெட்டு இல்லை, பலருக்கு அந்தியேட்டியே ஒழுங்காக இல்லை. அந்தியேட்டிக் கிரியைக்குரிய கீரிமலைக்குப் போகவும் வழியிருக்கவில்லை. இப்போது பிள்ளைகள் அறுபது வயதில் வந்து, "வெளிக்கிட்டு மூண்டாம் நாள், இரவு, நல்ல மழை" என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதுவே போதும். அந்த ஒக்ரோபர் 24ஆம் திகதி சூரிய கிரகணம். ஆகவே அன்று அமாவாசை. யுவ வருடம், ஐப்பசி மாதம், அமாவாசையிலிருந்து விரல் விட்டு எண்ணினால் மூன்றாம் நாள் வளர்பிறை நவமியிலோ தசமியிலோ வந்து நிற்கும். "சாமத்துக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேட்டு, அவர்கள் தங்களுக்குள் அரை மணி நேரம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தால் பஞ்சாங்கம் மிச்சத்தைச் சொல்லிவிடும். அந்த வாதாட்டத்தின்போது நான் இடையில் பேசுவதில்லை. யார் விளக்குப் பிடித்தது, யார் வாயில் தண்ணீர் விட்டது, யாருடைய சேலையால் மூடினார்கள் என்று பல ஆண்டுகளாக அந்த வீட்டில் பேசாமல் கிடந்தவையெல்லாம் திதியைத் தேடும் சாட்டில் அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொருவருக்கு எழுதியதைப் பெயர் மாற்றித் தர முடியுமா? அவசரம்.

ஒரு முறை செய்தேன். அச்சகம் மறுநாள் காலை பிரதி கேட்டது, எனக்குக் காய்ச்சல், முந்திய வருடம் எழுதிய, பிள்ளைகள் அழுவதாக வரும் மக்கள் புலம்பலில் நான்கு விருத்தங்களை எடுத்து, ஊரையும் பெயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் இடையில் மூன்று ஒழுங்கைதான் தூரம் என்பதை நினைக்கவில்லை. அந்தியேட்டி அன்று மூன்றாம் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது, தூணோடு இருந்த ஒரு பெண் நான் வாசிக்கும் முன்னரே அடுத்த அடியை மெல்லச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். முந்திய வருடத்து வீட்டின் மூத்த மகள். சாப்பாடு முடிந்ததும் படலையடியில் வந்து நின்று, "எங்கட அம்மாவுக்கு எழுதினதை இன்னொராளுக்குக் குடுக்காதேங்கோ மாஸ்ரர்" என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. நான் எழுதியதாக நான் நினைத்திருந்த அந்தப் பாட்டு எப்போதோ என் கையை விட்டுப் போயிருந்தது.

ஆனால் இதில் மறுபக்கமும் உண்டு. பொதுவான சொற்களை முழுதாகக் கைவிட முடியாது. குலவிளக்கு, கற்பகதரு, ஆலமரம் என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த உவமைகளை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று என் பழைய கொப்பிகளைப் புரட்டி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். தேய்ந்த சொல்லுக்கும் ஒரு நன்மை உண்டு. 31 நாள் நித்திரை குழம்பி இருப்பவர்களால் புதிய சொல்லைத் தாங்க முடியாது. அவர்கள் முன்னரே அறிந்த அடி வந்தால்தான் அதில் சாய்ந்து அழுவார்கள். ஆகவே நான் வைத்திருக்கும் கணக்கு இது: பத்துப் பாட்டில் எட்டு எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், இரண்டு அவருக்கு மட்டுமே பொருந்த வேண்டும். அந்த இரண்டை வேறு எவருக்கும் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாதபடி எழுதியிருந்தால் வேலை சரி.

கணினியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே?

தருகிறது. பேரப்பிள்ளை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். யாப்பில் தளை தட்டியது, அது பெரிய விடயம் அன்று, திருத்திவிடலாம். மேலே சொன்ன எட்டுப் பாட்டும் அதில் இருந்தன, மற்ற இரண்டும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் தாத்தாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தேன். தாத்தா பல்லுக்கட்டை எங்கே ஒளித்து வைப்பார் என்ற கதையோடு திரும்பிப் போனார். இனி அதை அவர் கணினியிடமும் சொல்லலாம், என்னிடமும் சொல்லலாம். சொல்லுவதற்கு ஒன்று கைக்கு வந்துவிட்டது.

அப்பா நல்லவர் என்று சொல்ல முடியாது. பொய் எழுதுவீர்களா?

எழுதாமல் விடுவேன், பொய் எழுத மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வரம்புதான், ஆனால் இருக்கிறது. குடித்தவரை 'மதுவை வெறுத்த மாண்பினர்' என்று எழுதினால், பந்தலில் இருக்கும் நூறு பேரும் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு மனைவியின் காதில் விழும். அதைப்பற்றிப் பேசாமல் விட்டால், அந்த மௌனத்தை அறிந்தவர் அறிவார்கள்.

ஒரு வீட்டில் இளைய மகன், தகப்பன் அடித்ததையும் ஏசியதையும் எழுதச் சொன்னார், மூத்தவர்கள் மறுத்தார்கள், என்னை நடுவில் இருத்தி இரண்டு நாள் சண்டை. கடைசியில் நான் கேட்டேன்: அவர் உங்களுக்காகச் செய்த ஒரு காரியம் சொல்லுங்கள், பெரிதாக வேண்டாம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அந்த இளையவரே சொன்னார்: பள்ளிக்கூட நாட்களில் விடியற்காலை எழும்பி நான்கு பேருடைய சைக்கிளுக்கும் காற்றடித்து வைப்பாராம். ஒரு நாளும் அதைப்பற்றிச் சொன்னதில்லை, ஒரு நாளும் தவறியதில்லை. அதை ஒரு விருத்தமாக எழுதினேன். அவர் நல்லவர் என்று அந்தக் கல்வெட்டில் எங்கும் இல்லை. அதை வாசித்தபோது அதிகமாக அழுதவர் அந்த இளையவர்தான். மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாத விடயம்.

அம்மா வேலைக்குப் போகாதவர். எழுத என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை மகள்மாரும் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆண்களின் கல்வெட்டில் பிறப்பு, கல்வி, உத்தியோகம், இடமாற்றம், இளைப்பாறுதல் என்று படிக்கட்டுப் போல ஏறிப் போகலாம். பெண்களுக்கு அந்தப் படிக்கட்டு இல்லாததால் பழைய புலவர்கள் 'இல்லறம் பேணி' என்று ஒரே அடியில் அறுபது வருடத்தைத் தாண்டிவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் தாண்டினேன்.

இப்போது நான் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். 1990களில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடையில் அருந்தலாகிவிட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெயில் திரியை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிப்பித்த தாய்மார் எத்தனை பேர்! திரியின் உயரத்தை எவ்வளவு வைத்தால் எத்தனை இரவுக்கு எண்ணெய் வரும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. சவர்க்காரம் இல்லாதபோது பனங்களியில் துணி தோய்த்தார்கள். பனங்கிழங்கை ஒடியலாகக் காயவைத்தார்கள். சீட்டுப் பிடித்தார்கள். ஒரு வீட்டில் அலுமாரிக்குள் தாயாருடைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் சீட்டுக் கணக்கு, மறுபக்கம் ஆடு குட்டி போட்ட திகதிகள், நடுவில் எந்த மகனுக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினார் என்ற பட்டியல். பிள்ளைகள் மூவரும் பல்கலைக்கழகம் போன காசு எங்கிருந்து வந்தது என்பதை அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். தகப்பனாருடைய சம்பளத்தில்தான் படித்தோம் என்று அவருடைய கல்வெட்டில் ஏற்கெனவே அச்சிட்டிருந்தார்கள். எழுதியவர் நான் அல்லர் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

குல மரபையும் சிறப்பித்து எழுதுவீர்களா?

இல்லை. ஊர்ச் சிறப்பு எழுதுவேன். பெற்றோர் பெயர் எழுதுவேன். குலப் பெருமையை எழுதுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதனால் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு.

இதோடு சேர்த்து நான் கேட்பது ஒன்று. கடைசிப் பக்கத்து நன்றி நவிலலில், கண்ணீர் அஞ்சலிப் பதாதை கட்டியவர்கள் முதல் கடல் கடந்து தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள் வரை வருவார்கள். பறைமேளம் அடித்தவர், பந்தலுக்கு வெள்ளை கட்டியவர், மயானத்தில் விறகடுக்கி இரவிரவாக நின்று எரித்தவர் ஆகியோர் எத்தனை கல்வெட்டில் இருக்கிறார்கள்? கூலி கொடுத்தோமே என்று சொல்வார்கள். அச்சகத்துக்கும் கூலிதான் கொடுக்கிறோம். அதன் பெயர் பின்னட்டையில் இருக்கிறது. சில குடும்பங்கள் ஏற்றுக்கொள்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்ட வீடுகள் கூடுகின்றனவா என்று கேட்டால், ஆம், மெதுவாக.

புலம்பல் பகுதி ஒப்பாரியைப் பார்த்து எழுதியதா?

அப்படித்தான் நினைக்கிறேன். செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லி அழும்போது அந்தந்தக் கணத்தில் பிறக்கும் வரிகளுக்கு நான் எழுதிய எதுவும் இணையாகாது. அவற்றுக்குத் தளை இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது. மூச்சு முடியும் இடத்தில் அடி முடியும். அதை மை தொட்டு எழுதி, எண்சீர் விருத்தமாக்கி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று தலைப்பிட்டு, அடியில் புலவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஒப்புச் சொன்னவளின் பெயர் எந்த அச்சகத்துக்கும் போகவில்லை.

பாட்டு எங்கே பிறந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு நம் வீடுகளிலேயே இன்னுமொரு சாட்சி இருக்கிறது. கிரியையின்போது உரலில் சுண்ணம் இடிப்பார்கள். அப்போது பாடுவது மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம். இறைவன் நீராடுவதற்காக மகளிர் கூடி வாசப்பொடி இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு அது. முத்துமாலையும் பூமாலையும் தூக்கும் அந்தப் பாட்டைப் பிரேதத்தின் தலைமாட்டில் நின்று பாடுகிறோம். எவருக்கும் அது பொருந்தாததாகத் தோன்றுவதில்லை. சிறுவயதில் எனக்கு அது மகிழ்ச்சிப் பாட்டு என்று எவராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிள்ளைகளின் பெயர்களை எந்த ஒழுங்கில் போடவேண்டும்?

பிறந்த ஒழுங்கில். பணம் தந்த ஒழுங்கில் போடச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு, மறுமொழி அதேதான். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நாட்டைப் போடுவது இப்போது வழக்கம்: கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன், இலங்கை. பெயர்களை மறைத்துவிட்டு அந்த அடைப்புக்குறிகளை மட்டும் வாசித்தாலே, ஒரு வீட்டின் கடந்த நாற்பது வருடம் தெரிந்துவிடும்.

காணாமல் போனவருக்குக் கல்வெட்டு எழுத முடியுமா?

இக்கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டவர் எவரும் இல்லை. மற்றவர்கள் கேட்பார்கள்: வெளிநாட்டிலிருந்து வரும் மருமகன், ஆய்வு செய்யும் மாணவர், அலுவலகத்துக் கடிதத்தோடு வரும் ஒருவர். தாய்மார் கேட்பதில்லை. திதி தெரியாமல் இறந்தவர்களுக்கு அமாவாசையில் கடன் தீர்க்கலாம் என்று நம் வழக்கம் இடம் தருகிறது. ஆனால் அது இறந்தது தெரிந்து நாள் தெரியாதவர்களுக்கு உரியது. 2009 மே மாதத்தில், போர் முடிந்தபோது, இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் இருக்கத் தொடங்கிய தாய்மாரிடம் போய் அமாவாசையைப் பற்றிப் பேச எந்தப் பஞ்சாங்கத்துக்கும் உரிமை இல்லை.

ஆனால் வேறொரு வழியில் இக்கேள்வி என் மேசைக்கு வந்தது. ஒரு தகப்பனார் இறந்தார்; முதுமை, நோய், வழமையான இறப்பு. ஐந்து பிள்ளைகள். மூன்றாவது மகன் 2009இல் போனவர். அவருடைய பெயரை எப்படிப் போடுவது? மூத்தவர், 'காலஞ்சென்ற' என்று போட்டுவிடுங்கள், எத்தனை வருடமாயிற்று என்றார். கடைசி மகள், 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று போடவேண்டும், ஊர் அறியட்டும் என்றார். தாயார் உள்ளே இருந்து வந்து, "ரண்டும் வேண்டாம் தம்பி. அவன்ர பேரை மட்டும் போடுங்கோ" என்றார். பிறந்த ஒழுங்கில் மூன்றாவதாகப் போட்டேன். மற்ற நால்வருக்கும் அடைப்புக்குறி, இவருக்கு இல்லை. அச்சுக்கூடத்துப் பையன் பிழை திருத்தும் பிரதியில் இரண்டு முறை வெறும் அடைப்புக்குறி போட்டு அனுப்பினான், இடம் போட மறந்துவிட்டேன் என்று நினைத்து. இரண்டு முறையும் சிவப்பு மையால் வெட்டினேன். மூன்றாம் முறை தொலைபேசியில் கேட்டான். சொன்னேன். அதன் பிறகு அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

சிறு பிள்ளைக்குக் கல்வெட்டு உண்டா?

வழக்கத்தில் இல்லை. கல்வி, மணம், மக்கட்பேறு என்ற வரிசை முழுவதும் அங்கே விழுந்துவிடும். இரண்டு தடவை எழுதினேன். இரண்டும் ஒரு தாளுக்குள். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

கிறிஸ்தவர்களுக்கும் எழுதுவீர்களா?

எழுதியிருக்கிறேன். 'சிவபதமடைந்தார்' என்ற இடத்தில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' வரும். திதி வெண்பா இராது. 31ஆம் நாள் திருப்பலியோ ஆராதனையோ முடிந்து நூலைக் கொடுப்பார்கள். விருத்தம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எவ்வளவு பக்கம் இருக்கவேண்டும்? தேவாரம் எல்லாம் எதற்கு?

நானும் ஒரு காலத்தில் இதைக் குறையாகத்தான் சொல்லித் திரிந்தேன்: நாற்பது பக்கத்தில் இருபத்தெட்டுப் பக்கம் பஞ்சபுராணமும் சிவபுராணமும் என்றால் இறந்தவர் எங்கே இருக்கிறார் என்று. பிறகு வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது அபிப்பிராயம் மாறிவிட்டது. பாட்டுக்காக எவரும் கல்வெட்டை வைத்திருப்பதில்லை. சிவபுராணம் அதில் இருப்பதால் சாமியறையில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதைத் திறக்கிறார்கள். திறக்கும்போது முதல் பக்கத்தில் அவருடைய படம். பலருக்கும் அது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. சிலருக்கு ஸ்ரூடியோக்காரர் வாழ்நாளில் போடாத கோட்டும் போட்டுவிட்டிருப்பார். தேவாரத்துக்கு வாடகை கொடுத்து அவர் அந்த அறையில் இருந்துகொள்கிறார். ஆகவே தேவாரம் இருக்கட்டும். நீரிழிவுக்கு உணவு முறையும் சமையற் குறிப்பும் வேண்டுமா என்றால், வேண்டாம்.

நீங்கள் எவ்வளவு பணம் வாங்குகிறீர்கள்?

தருவதை வாங்குகிறேன். பேரம் பேசுவதில்லை. தராமல் விட்டவர்களும் உண்டு. துக்க வீட்டுக் கணக்கைத் திரும்பக் கேட்பதில்லை.

இவ்வளவு இறப்புகளை எழுதியபின் உங்களுக்குச் சாவைப் பற்றிய பயம் போய்விட்டதா?

இல்லை. எழுதும்போது அதைவிட அச்சுப்பிழைப் பயம்தான் கூட. 31 நாள் என்ற எல்லை சாவைப் பற்றி யோசிக்க விடாது. ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிடும் பெரியவர் சோற்றை எப்படிப் பிசைகிறார், இரசத்துக்கு இலையில் எப்படி அணை கட்டுகிறார் என்பதையெல்லாம் என்னை அறியாமலே சேர்த்து வைக்கிறேன். "ஆக்கள் உயிரோட இருக்கேக்கையே கல்வெட்டுக்கு அளவெடுக்கிறியள்" என்று என் மனைவி ஏசுவார். அவர் சொல்வது உண்மை. அவருடைய அளவையும் எடுத்து வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

என் தாயாருக்கு நான் எழுதவில்லை, எழுத வரவில்லை. என்னிலும் இளைய ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கொப்பியைத் திறந்து, நான் மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை என்னிடம் கேட்டார். எந்தச் சொல்லைச் சொல்லி ஏசுவார்? என்ன மரம் நட்டார்? எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று மரண அறிவித்தலையே ஒப்புவித்தேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டு, "ஒண்டும் பாதகமில்லை மாஸ்ரர், பிறகு வரும்" என்றார். அந்தியேட்டி முடிந்து இரண்டு மாதத்தின் பின் ஒரு நாள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்த மனைவியிடம், அம்மா ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு செம்பு தண்ணீர் மூடி வைப்பாவே, யாருக்காக என்று கேட்டேன். அணிலுக்கு என்றார். மூடியை எதற்காகப் போட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

உங்களுடைய கல்வெட்டை எழுதி வைத்திருக்கிறீர்களா?

பகிடியாகக் கேட்பவர்களுக்கு: ஊர்ச் சிறப்பு மட்டும் தயார். உண்மையாகக் கேட்பவர்களுக்கும் அதுதான்.

எத்தனை பிரதி அடிக்கவேண்டும்?

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று பார்த்து அதில் பாதி. ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும். பலர் ஐந்நூறு அடித்துவிட்டு, கட்டுக் கட்டாக மேல் அறையில் போட்டுக் கறையானுக்குக் கொடுக்கிறார்கள். மிஞ்சியதில் ஒன்றை உங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதன் பிறகும் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கலாம் என்று நினைப்பது புத்தியில்லை. ஆகவே இன்னொன்றை நூலகம் என்ற இணைய நூலகத்தாருக்கு அனுப்புங்கள். 2005இலிருந்து அவர்கள் எண்ணிமமாக்கிச் சேர்ப்பவற்றுள் நினைவு மலர்களும் உண்டு. ஊர் வரலாறு எழுதுபவர்கள் இப்போது அங்கேதான் தேடுகிறார்கள். பிடிஎஃபை மட்டும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு அச்சடிக்காமல் விடலாமா என்று கேட்கிறார்கள். விடலாம், ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது கைத்தொலைபேசியைத் திறந்து சிவபுராணம் படிக்கும் ஆச்சி உங்கள் வீட்டில் இருந்தால்தான். வீட்டில் வைக்கும் பிரதிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், அடியில் பலகை போட்டு, இடையில் காய்ந்த வேப்பிலை வைத்து அடுக்குங்கள். மாரிக்கு முன் ஒரு தடவை வெயிலில் போட்டு எடுங்கள்.